எட்டால் வகுப்பதா, பத்தால் வகுப்பதா? தரவுப் பரிமாற்ற வேக அலகுகளை மாற்றும் நான்கு வழிகள்: ஓர் ஒப்பீடு

இணைய இணைப்பின் வேகத்தை நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று சொல்கிறார்கள். அந்த இணைப்பின் வழியே வரும் கோப்பின் அளவு மெகாபைட்டிலோ ஜிகாபைட்டிலோ தெரிகிறது. கோப்பு போய்ச் சேரும் வட்டின் உறையில் நொடிக்கு இத்தனை ஜிகாபிட் என்று அச்சிட்டிருக்கிறது. அதே வட்டுக்கு நகலெடுக்கும்போது திரை நொடிக்கு இத்தனை மெகாபைட் என்கிறது. ஒரு கோப்பு வந்து சேர எவ்வளவு நேரமாகும், ஓர் இரவுக்குள் காப்புப் பிரதி எடுத்து முடிக்க எந்த இணைப்பு போதும், ஒரு நாள் முழுவதும் பதிவாகும் காணொளிக்கு எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும் என்பன போன்ற கேள்விகளுக்கு விடை காண, இந்த அலகுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

அதற்கு நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன. பிட்டை எட்டால் வகுத்துப் பைட்டாக்குவது முதல் வழி. பத்தால் வகுத்துக் குத்துமதிப்பாகச் சொல்வது இரண்டாவது. இணையத்தில் கிடைக்கும் அலகு மாற்றிகளை நம்புவது மூன்றாவது. எந்த அலகாக இருந்தாலும் முதலில் நொடிக்கு எத்தனை பிட் என்ற அடிப்படை எண்ணுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வேண்டிய அலகுக்குப் போவது நான்காவது. இவற்றில் எட்டால் வகுப்பதே சரியானது, பத்தால் வகுப்பது சோம்பேறித்தனம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு என்பதே என் கருத்து. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம், விடை பிசகினால் அது எந்தப் பக்கம் பிசகுவது நமக்குத் தீங்கில்லாதது என்பதைப் பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கே குழப்பம் தொடங்குகிறது

பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒற்றைத் தெரிவு. பைட் என்பது இன்றைய வழக்கில் 8 பிட்டுகளின் தொகுதி. ஐபிஎம் நிறுவனத்தில் பணிபுரிந்த வெர்னர் புக்ஹோல்ஸ் 1956-இல் பைட் என்ற சொல்லை உருவாக்கியபோது அதற்கு நிலையான நீளம் இருக்கவில்லை. எட்டு என்ற எண் பின்னர்தான் நிலைபெற்றது. அதனால்தான் வலையமைப்புத் தரநிலைகளை எழுதுவோர் இன்றும் பல இடங்களில் பைட் என்று சொல்லாமல், ஐயத்துக்கு இடமின்றி ஆக்டெட் என்று எழுதுகிறார்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் பி என்ற எழுத்து சிறியதாக இருந்தால் பிட், பெரியதாக இருந்தால் பைட் என்பது வழக்கம். இந்த வழக்கத்தை எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடிப்பதில்லை என்பதால், எழுத்தின் அளவை மட்டும் நம்பி எட்டு மடங்கு வித்தியாசமுள்ள முடிவை எடுப்பது ஆபத்தானது.

எட்டைவிடக் கூடுதல் தொல்லை தருபவை கிலோ, மெகா, ஜிகா, டெரா என்ற முன்னொட்டுகள். பன்னாட்டு அலகு முறைப்படி இவை ஒவ்வொன்றும் முந்தையதைப் போல 1000 மடங்கு. கணினி நினைவகத்தில் எல்லாமே இரண்டின் அடுக்குகளாக அமைவதால், அங்கே 1024-ஐக் கிலோ என்று அழைக்கும் பழக்கம் வந்தது. இந்த இரட்டைப் பொருளைத் தீர்க்கப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998 டிசம்பரில் 1024-இன் அடுக்குகளுக்கெனத் தனிப் பெயர்களை ஏற்றது: கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட், டெபிபைட். பெயர்கள் வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும், 1024 கணக்கில் எண்ணிவிட்டு அதற்கு மெகாபைட் என்றே பெயரிடும் மென்பொருள்கள் இன்னும் ஏராளம். விண்டோஸ் கோப்புகளின் அளவை அப்படித்தான் காட்டுகிறது. மேக் இயங்குதளம் 2009-இல் வெளியான 10.6 பதிப்பிலிருந்து 1000 கணக்குக்கு மாறிவிட்டது. ஒரே வட்டை இரண்டு கணினிகளில் செருகினால் இரண்டு கொள்ளளவுகள் தெரிவதற்குக் காரணம் இதுவே.

இந்த வித்தியாசம் கிலோ மட்டத்தில் 2.4 சதவீதம், மெகாவில் ஏறத்தாழ 4.9, ஜிகாவில் 7.4, டெராவில் கிட்டத்தட்ட 10. வேகங்களும் கொள்ளளவுகளும் பெருகப் பெருகப் பிழையும் வளர்ந்துகொண்டே போகிறது. கிலோபைட் காலத்தில் கண்டுகொள்ளாமல் விடப்பட்ட ஒன்று, டெராபைட் காலத்தில் பத்தில் ஒரு பங்காக வந்து நிற்கிறது.

பரிமாற்ற வேகத்தைப் பொறுத்தவரை ஓர் ஆறுதல் உண்டு. தொலைத்தொடர்பு உலகம் தொடக்கத்திலிருந்தே 1000 கணக்கில்தான் இயங்குகிறது. எண்முறைத் தொலைபேசித் தடத்தின் வேகமான 64 கிலோபிட் என்பது நொடிக்கு ஒலியை அளந்தெடுத்த 8000 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் 8 பிட் என்ற கணக்கில் துல்லியமாக 64,000 பிட். கணினிகளைக் கம்பிவழி இணைக்கும் ஈதர்நெட் முறையில் 100 மெகாபிட் என்றால் நொடிக்குப் பத்துக் கோடி பிட், ஒன்றுகூட அதிகமில்லை. ஆகவே அலகில் பிட் இருந்தால் முன்னொட்டைத் தசமக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். பைட் இருந்தால் எந்தக் கணக்கு என்று விசாரிக்க வேண்டும். நான்கு வழிகளில் எதை எடுத்தாலும் இந்த ஒன்றை மனத்தில் வைத்தே தொடங்க வேண்டும்.

எட்டால் வகுப்பது: எப்போது துல்லியம்

குறியாக்கம் செய்யப்பட்ட ஒலி, காணொளி ஆகியவற்றின் பிட் வீதம் கோப்புக்குள் இருக்கும் பிட்டுகளையே எண்ணுகிறது. அங்கே எட்டால் வகுப்பதே முழுச் சரி. குறுந்தகட்டின் இசையை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடமும் வலமுமாக இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். எட்டால் வகுத்தால் 1,76,400 பைட். ஒரு மணி நேர இசைக்கு 635.04 மெகாபைட் என்ற விடையில் ஊகம் எதுவுமில்லை. நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3 கோப்பும் அப்படியே: நொடிக்கு 16,000 பைட், மணிக்கு 57.6 மெகாபைட்.

இந்த இடத்தில் பத்தால் வகுப்பவர் உண்மையிலேயே சிக்கலில் மாட்டிக்கொள்வார். நொடிக்கு 50 மெகாபிட் வீதத்தில் 24 மணி நேரம் தொடர்ந்து காணொளி பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டால் வகுத்தால் நொடிக்கு 6.25 மெகாபைட், ஒரு நாளைக்கு 540 ஜிகாபைட். பத்தால் வகுத்தால் நாளைக்கு 432 ஜிகாபைட் என்று வரும். அந்தக் கணக்கை நம்பி இடம் ஒதுக்கினால், 19 மணி 12 நிமிடத்தில் வட்டு நிரம்பிவிடும். மிச்சமுள்ள ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பதிவு கிடைக்காது. எவ்வளவு தரவு வந்து குவியும் என்று கேட்கும் எந்தக் கேள்விக்கும் குறைத்து மதிப்பிடும் முறை உதவாது. இங்கே பிழை வருவதானால் கூடுதல் பக்கம்தான் வர வேண்டும்.

எட்டால் வகுப்பது தடுமாறும் இடம், இணைப்பின் வேகத்திலிருந்து கோப்பு நகரும் வேகத்தைக் கணிக்கும்போது வருகிறது. ஜிகாபிட் ஈதர்நெட்டை எட்டால் வகுத்தால் நொடிக்கு 125 மெகாபைட். சாதாரண அமைப்பில் எந்தக் கோப்பும் அந்த வேகத்தில் நகர்ந்து யாரும் பார்த்திருக்க முடியாது. காரணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஈதர்நெட் தரவைச் சட்டகம் எனப்படும் சிறு பொதிகளாக அனுப்புகிறது; வழக்கமான சட்டகம் ஒன்று 1500 பைட் வரை சுமக்கிறது. அதற்கு முன்னே ஒத்திசைவுக்காக 8 பைட், முகவரிகளுக்கும் வகைக் குறிப்புக்கும் 14 பைட், பின்னே பிழை சரிபார்ப்புக்கு 4 பைட், அடுத்த சட்டகத்துக்கு முன் கட்டாய இடைவெளியாக 12 பைட் நேரம். ஆக மொத்தம் 1538. உள்ளே இருக்கும் 1500-இலும், பொதியைச் சேருமிடத்துக்குக் கொண்டுசெல்லும் ஐபி, டிசிபி என்ற இணைய நெறிமுறைகளின் குறிப்புகள் அடங்கியுள்ளன: ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20, நேரமுத்திரைக்கு 12 போக, கோப்புக்குச் சொந்தமானவை 1448 பைட் மட்டுமே. 1448-ஐ 1538-ஆல் வகுத்தால் 0.9415. நொடிக்கு 1000 மெகாபிட்டில் கோப்புக்குக் கிடைப்பது 941 மெகாபிட், அதாவது 117.7 மெகாபைட். இதை 1024 கணக்கில் காட்டும் நிரலில் பார்த்தால் 112 என்று தெரியும். 125 எதிர்பார்த்தவருக்கு 112 வந்ததும் கம்பியில் கோளாறு என்று தோன்றும்; உண்மையில் எல்லாம் குறைவற நடந்துகொண்டிருக்கிறது.

பத்தால் வகுப்பது: மூன்று வேறு காரணங்கள்

மனக்கணக்குக்கு எளிது என்பதால் மட்டுமே பத்தால் வகுக்கிறார்கள் என்று நினைப்பது அநீதி. சில இடங்களில் பத்துதான் சரியான வகுஎண். எட்டு அங்கே தவறு.

பிட்டுகளை ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் பழைய தொடர் இணைப்பு வாயிலிலிருந்து (சீரியல் போர்ட்) தொடங்கலாம். இன்றும் கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிச் சில்லுகளான நுண்கட்டுப்படுத்திகளோடு பேச அது பயன்படுகிறது. அங்கே ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னே ஒரு தொடக்க பிட், பின்னே ஒரு நிறுத்த பிட் சேர்ந்து, 8 பிட் தரவுக்குக் கம்பியில் 10 பிட் ஓடுகிறது. நொடிக்கு 9600 பிட் என்றால் 960 பைட். 1,15,200 பிட் என்றால் 11,520 பைட். எட்டால் வகுத்து 1200 என்று சொல்பவர் கால் பங்கு கூடுதலாகச் சொல்கிறார்.

இரண்டாவது காரணம் இன்னும் சுவையானது. அதிவேகத் தொடர் இணைப்புகளில் 0-க்களோ 1-களோ நீளமாகத் தொடர்ந்து வந்தால் பெறும் முனையால் காலத்தைச் சரியாகப் பின்தொடர முடியாது. அதைத் தவிர்க்க ஒவ்வொரு 8 பிட்டையும் சமநிலையுள்ள 10 பிட் குறியாக மாற்றி அனுப்பும் முறையை ஐபிஎம்-இன் விட்மரும் ஃப்ரானசெக்கும் 1983-இல் வெளியிட்டனர். அந்த முறையைக் கையாளும், வட்டைக் கணினியோடு இணைக்கும் சாட்டா இடைமுகத்தின் நொடிக்கு 6 ஜிகாபிட் என்பது கம்பியில் ஓடும் மொத்தப் பிட்டுகளின் எண்ணிக்கை. தரவு அதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே 6 ஜிகாபிட் என்பது 750 மெகாபைட் ஆகாது, 600 மெகாபைட்தான். 2008-இல் வந்த யூஎஸ்பி 3.0-இன் 5 ஜிகாபிட்டும் அதே காரணத்தால் 500 மெகாபைட்டே. நெறிமுறைச் சுமைகள் போக நடைமுறையில் இதற்கும் கீழே வரும் என்பது வேறு விஷயம்.

இதே குறியாக்கம் ஜிகாபிட் ஈதர்நெட்டின் ஒளியிழை வடிவத்திலும் இருக்கிறது. ஆனாலும் அங்கே எட்டால் வகுக்கிறோம். ஈதர்நெட் தரநிலை தன் பெயரில் சொல்லும் 1000 மெகாபிட், குறியாக்கத்துக்கு முந்தைய தரவின் வேகம். ஒளியிழையிலோ 1250 மெகாபிட் ஓடுகிறது. சாட்டாவும் யூஎஸ்பி 3.0-உம் குறியாக்கத்துக்குப் பிந்தைய எண்ணைப் பெயராக வைத்துக்கொண்டன. ஒரே அலகில் எழுதப்பட்ட இரண்டு எண்கள், வேறு வேறு இடத்தில் நின்று எண்ணப்பட்டவை. எந்த அலகு மாற்றியாலும் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஒப்பீட்டில் நான் மிக முக்கியமாகக் கருதுவதும் இதுவே.

கணினிக்குள் அட்டைகளையும் வட்டுகளையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அதன் இரண்டாம் பதிப்பில் ஒரு தடம் நொடிக்கு 5 ஜிகாடிரான்ஸ்ஃபர், அதாவது குறியாக்கத்துக்குப் பின் கம்பியில் ஓடும் 500 கோடி பிட். எட்டுக்குப் பத்து என்ற குறியாக்கத்தால் தரவு 500 மெகாபைட். மூன்றாம் பதிப்பில் 8 ஜிகாடிரான்ஸ்ஃபர். குறியாக்கம் 128-க்கு 130 என்று மாறியதால் தரவு ஏறத்தாழ 985 மெகாபைட். பெயரளவில் 60 சதவீதமே உயர்ந்த வேகம், தரவளவில் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. இரண்டாம் பதிப்புக்குப் பத்தால் வகுப்பவரும் மூன்றாம் பதிப்புக்கு எட்டால் வகுப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் பரவலாகப் பயன்படுவது: வலையமைப்பில் தலைப்புகள், இடைவெளிகள், ஒப்புகைச் செய்திகள், 1024 கணக்கு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தள்ளுபடியாகக் கழித்துவிடுவது. இது தோராயம்தான், ஆனால் பொறுப்பான தோராயம். கீழேயுள்ள கணக்கைப் பாருங்கள்.

ஓர் இரவுக் காப்புப் பிரதி

விண்டோஸ் திரையில் 3.5 டெராபைட் என்று தெரியும் தரவை ஜிகாபிட் ஈதர்நெட் வழியாக 8 மணி நேரத்துக்குள் வேறொரு கணினிக்கு நகலெடுக்க முடியுமா என்பது கேள்வி. வட்டுகள் இரண்டும் கம்பியைவிட வேகமானவை என்று கொள்வோம்.

எட்டால் வகுத்துக் கணக்கிட்டால் நொடிக்கு 125 மெகாபைட்; 3.5 டெராபைட்டுக்கு 28,000 நொடி, அதாவது 7 மணி 47 நிமிடம். முடியும் என்கிறது விடை. பதின்மூன்று நிமிடம் மிச்சம்கூட இருக்கிறது.

பத்தால் வகுத்தால் நொடிக்கு 100 மெகாபைட். 35,000 நொடி, 9 மணி 43 நிமிடம். முடியாது என்கிறது.

இப்போது ஒழுங்கான கணக்கு. விண்டோஸின் 3.5 டெராபைட் உண்மையில் 3.5 டெபிபைட், அதாவது சுமார் 3.848 இலட்சம் கோடி பைட். கம்பியில் கோப்புக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 117.7 மெகாபைட். வகுத்தால் ஏறத்தாழ 32,700 நொடி. 9 மணி 5 நிமிடம். தரவை மட்டும் திருத்தி வேகத்தைத் திருத்தாமல் விட்டாலும் 8 மணி 33 நிமிடம் ஆகிறது, அப்போதும் முடியாது.

துல்லியமானது என்று பெயரெடுத்த எட்டு, ஒரு மணிக்கு மேல் பிசகியதோடு முடிவையே தலைகீழாக்கிவிட்டது. தோராயம் என்று ஒதுக்கப்படும் பத்து, 38 நிமிடம் மட்டுமே விலகியதோடு விலகிய திசையிலும் நமக்குப் பாதுகாப்பாக நின்றது. எவ்வளவு நேரமாகும் என்ற கேள்விக்குப் பத்தால் வகுப்பதையே நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுதான். சொன்ன நேரத்துக்கு முன்பே முடிந்தால் யாருக்கும் நட்டமில்லை.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கம்பியில்லா வைஃபையில் இணைப்பு வேகம் என்று திரை காட்டும் எண், வானலையில் அந்தக் கணத்துக்கு ஒப்புக்கொண்ட உச்சம். ஒரே அலைவரிசையைப் பல கருவிகள் மாறி மாறிப் பயன்படுத்துவதாலும், ஒவ்வொரு அனுப்பலுக்கும் காத்திருப்பும் ஒப்புகையும் தேவைப்படுவதாலும், கோப்புக்குக் கிடைக்கும் பங்கு அதிலிருந்து வெகுவாகக் குறையும். அங்கே பத்தும் அதீத நம்பிக்கையாகிவிடும். அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இணைய மாற்றிகளை நம்பலாமா

நம்பலாம்; ஆனால் ஒருமுறை சோதித்த பிறகு. பெட்டியில் எண்ணை இட்டு விடையைப் பெறுவது எளிது. அந்த மாற்றி மெகாபைட்டை 1000 கணக்கில் எடுக்கிறதா, 1024 கணக்கில் எடுக்கிறதா என்பது பெரும்பாலும் பக்கத்தில் எழுதப்பட்டிருக்காது. பலர் செய்யும் சோதனை, நொடிக்கு 1 மெகாபைட்டை மெகாபிட்டாக்கிப் பார்ப்பது. 8 என்று வந்தால் திருப்தியடைகிறார்கள். அந்தச் சோதனை பயனற்றது. இரண்டு பக்கமும் 1000 கணக்கானாலும் 8, இரண்டு பக்கமும் 1024 கணக்கானாலும் 8.

முன்னொட்டைத் தாண்டிச் சோதிக்க வேண்டும். நொடிக்கு 1 ஜிகாபைட் என்று இட்டு மெகாபிட்டில் விடை கேளுங்கள். 8000 என்று வந்தால் மாற்றி முழுவதும் தசமக் கணக்கு. 8192 என்று வந்தால் பிட்டையும் பைட்டையும் சேர்த்தே 1024-ஆல் எண்ணுகிறது. தொலைத்தொடர்பு வழக்கத்துக்கு மாறானது என்பதால் வேகக் கணக்குக்கு அது வேண்டாம். 8589.93 என்று வந்தால் பைட் 1024 கணக்கு, பிட் 1000 கணக்கு. பல கருவிகள் உள்ளுக்குள் செய்வது இதையே. இந்த ஒரே கேள்வியால் எந்த மாற்றியின் குணமும் தெரிந்துவிடும். மெபிபைட், ஜிபிபைட் என்ற பெயர்களைத் தனியே காட்டும் மாற்றியாக இருந்தால் பெரும்பாலும் கவனமாகச் செய்யப்பட்டது என்று கொள்ளலாம்.

சில மாற்றிகள் பிட் வீதத்தின் பட்டியலிலேயே பாட் என்ற அலகையும் சேர்த்துவிடுகின்றன. பாட் என்பது நொடிக்கு எத்தனை முறை சைகை மாறுகிறது என்ற கணக்கு. ஒரு மாற்றம் எத்தனை பிட்டைச் சுமக்கிறது என்று தெரியாமல் அதைப் பிட்டாக்க முடியாது. பழைய 2400 பிட் மோடம் ஒன்று 600 பாட் வேகத்தில்தான் இயங்கியது. ஒவ்வொரு மாற்றமும் 4 பிட் சுமந்தது. இரண்டையும் ஒன்றென்று மாற்றிக் கொடுக்கும் பக்கத்தை மூடிவிடுவது நல்லது.

அடிப்படை எண் வழியாகப் போவது

நான்காவது வழி மெதுவானது. ஆனால் விளக்கம் கேட்டால் பதில் சொல்லக்கூடியது. எந்த எண் வந்தாலும் முதலில் அதை நொடிக்கு எத்தனை பிட் என்ற முழு எண்ணாக்க வேண்டும். அங்கே முன்னொட்டு எதுவும் இல்லாததால் 1000-மா 1024-ஆ என்ற கேள்விக்கு நாம் வெளிப்படையாக ஒருமுறை பதில் சொல்லியே ஆக வேண்டும். அதன் பிறகு வேண்டிய அலகால் வகுக்கலாம். மெபிபைட்டுக்கு 83,88,608, மெகாபைட்டுக்கு 80,00,000, ஜிபிபைட்டுக்கு 8,58,99,34,592. விரிதாளில் இந்தக் காரணிகளை ஒரு நெடுவரிசையில் எழுதி வைத்துவிட்டால், மூல அலகின் காரணியால் பெருக்கி இலக்கு அலகின் காரணியால் வகுப்பது ஒரே வாய்பாடு. எக்செலில் உள்ள கன்வெர்ட் செயற்கூறும் பிட், பைட் இரண்டையும் இருவகை முன்னொட்டுகளோடும் அறியும் என்பதால், காரணிகளைக் கையால் எழுத விரும்பாதவர்கள் அதைப் பயன்படுத்தலாம்.

இந்த வழியின் அருமை, அளவீட்டுக் கருவிகளின் வெளியீட்டைப் படிக்கும்போது புரியும். வலையமைப்பின் வேகத்தை அளக்கப் பலரும் பயன்படுத்தும் ஐபெர்ஃப்3 என்ற நிரலை ஜிகாபிட் இணைப்பில் 10 நொடி ஓட்டினால், பரிமாறப்பட்ட அளவு 1.10 ஜிகாபைட், வேகம் நொடிக்கு 941 மெகாபிட் என்று ஒரே வரியில் காட்டும். 1.10-ஐ எட்டால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் 880 மெகாபிட்தான் வருகிறது. நிரலில் பிழை என்று முடிவு கட்டத் தோன்றும். பிழையில்லை; அந்த நிரல் பைட்டை 1024 கணக்கிலும் பிட்டை 1000 கணக்கிலும் எண்ணுகிறது. 941 மெகாபிட்டைப் பத்து நொடிக்குப் பிட்டாக எழுதினால் 941 கோடி. எட்டால் வகுத்தால் 117.6 கோடி பைட். ஒரு ஜிபிபைட்டுக்கான 1,07,37,41,824-ஆல் வகுத்தால் 1.095, இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் 1.10. அடிப்படை எண்ணுக்கு இறங்கியதும் முரண்பாடு மறைந்துவிடுகிறது. லினக்ஸ் பயனர்கள் வட்டின் வேகத்தைப் பார்க்கக் கையாளும் டிடி கட்டளையோ, நகலெடுத்த அளவை இரு கணக்கிலும் காட்டிவிட்டு வேகத்தைத் தசம மெகாபைட்டில் சொல்கிறது. இரண்டு கருவிகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுபவர், முன்னொட்டைக் களையாமல் ஒப்பிட்டால் இல்லாத வித்தியாசத்தைத் தேடி அலைவார்.

நேரம் தொடர்பான கணக்குகளுக்கு அடிப்படை எண் வழி சில மாறிலிகளையும் தருகிறது. மனத்தில் வைத்துக்கொண்டால் அடிக்கடி உதவும். நொடிக்கு 1 மெகாபிட் இடைவிடாமல் ஓடினால் மணிக்கு 450 மெகாபைட், நாளைக்கு 10.8 ஜிகாபைட், 30 நாளைக்கு 324 ஜிகாபைட். திருப்பிச் சொன்னால், மாதம் 1 டெராபைட் என்ற வரம்பு சராசரியாக நொடிக்கு 3.1 மெகாபிட்டுக்குச் சமம். நூறு மெகாபிட் இணைப்புக்கு அப்படியொரு வரம்பு இருந்தால், முழு வேகத்தில் ஒரு நாளுக்குச் சற்றே குறைவான நேரத்தில் அது தீர்ந்துவிடும் என்று காகிதம் இல்லாமலே சொல்லலாம்.

எதற்கு எது

பதிவிறக்கம், நகலெடுப்பு ஆகியவை எப்போது முடியும் என்று சொல்லக் கம்பிவழி இணைப்பானால் பத்தால் வகுப்பது போதும், நல்லதும் அதுவே. ஒலி, காணொளிப் பதிவுகளுக்கு இடம் ஒதுக்கும்போது எட்டால் வகுத்து, கிடைத்ததற்கு மேல் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். சாட்டா, யூஎஸ்பி, பிசிஐ எக்ஸ்பிரஸ் போன்ற இடைமுகங்களுக்கு வகுஎண்ணைக் குறியாக்கம்தான் தீர்மானிக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் எட்டையோ பத்தையோ கையில் எடுக்கக்கூடாது. சோதித்துத் தேர்ந்த மாற்றி, அவ்வப்போது வரும் ஒற்றை எண்களுக்கு வசதி. பணமோ பொறுப்போ சம்பந்தப்பட்ட எந்த முடிவுக்கும், அது இணைப்பின் திறனைத் தீர்மானிப்பதானாலும் சரி, இரண்டு கருவிகளின் அளவீட்டை ஒப்பிடுவதானாலும் சரி, அடிப்படை எண் வழியைத் தவிர வேறெதையும் நான் ஏற்கமாட்டேன்.

அப்படிப்பட்ட முடிவை எழுத்தில் பதியும்போது எண்ணோடு அலகை மட்டும் எழுதினால் போதாது. குறைந்தது 500 மெகாபிட் வேகம் வேண்டும் என்ற வாசகத்தில், எந்த இடத்தில் நின்று அளந்த 500 என்பது இல்லை. டிசிபி வழியாக ஒரு திசையில் சென்று சேரும் கோப்புத் தரவு நொடிக்கு 50,00,00,000 பிட்டுக்குக் குறையக்கூடாது, பத்து நிமிடச் சராசரியாக அளக்கப்பட வேண்டும் என்று எழுதினால், முன்னொட்டைப் பற்றியோ எட்டா பத்தா என்பதைப் பற்றியோ பின்னால் யாரும் வாதாட வேண்டியிருக்காது.